வீட்டிலேயே ஃபிலிம் டெவலப் செய்யப் போகிறீர்களா? முதலில் ரீலில் ஏற்றப் பழகுங்கள்

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே டெவலப் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் எல்லோரும் கவலைப்படுவது ரசாயனத்தைப் பற்றித்தான். எந்த டெவலப்பர், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்... அதெல்லாம் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, கடிகாரத்தைப் பார்த்துச் செய்தால் வந்துவிடும். ஆளைப் படுத்தி எடுப்பது அதற்கு முந்தைய பத்து நிமிடம்தான். 36 படம் எடுக்கும் ரோல் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். அதைக் கும்மிருட்டில், விரல் தடவிப் பார்த்தே, ரீல் என்கிற வட்டச் சட்டத்தின் சுருள் பள்ளத்துக்குள் ஏற்றியாக வேண்டும். நான் கற்றுக்கொண்ட காலத்தில் இதைப் பொறுமையாகச் சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை, ரொம்பவே தடுமாறினேன். வீடியோக்களில் வறண்ட ஊரில் ஏசி அறையில் உட்கார்ந்து ஏற்றிக் காட்டுகிறார்கள்; சென்னையில் மே மாதம் உள்ளங்கை வியர்த்துக்கொண்டிருக்கும்போது நடப்பது வேறு. இது நம் ஊர்ச் சூட்டுக்கும் புழுக்கத்துக்கும் எழுதியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபிலிம் பாதியில் சிக்கி நிற்பதற்கு முக்காலே மூணு வீசம் காரணம் ஈரம். ரீலில் ஈரம், கையில் ஈரம், கை நுழைத்து வேலை செய்யும் இருட்டுப் பைக்குள் காற்றில் ஈரம். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அதைத் தவிர்க்கும் வழிகள்தான்.

1. சாமான்களும் செலவும்

ரீலை உள்ளே வைத்து, வெளிச்சம் படாமல் ரசாயனம் ஊற்றும் பாத்திரம்தான் டேங்க். புதியவர்களுக்கு நான் சொல்வது பிளாஸ்டிக் டேங்க், குறிப்பாக பேட்டர்சன் கம்பெனியின் இரண்டு ரீல் டேங்க். அதன் ரீலில் இரு பக்கமும் சின்ன எஃகு குண்டுகள் (பால்ஸ்) இருக்கும். கையை முன்னும் பின்னும் திருப்பினால் அவையே ஃபிலிமைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். அதே ரீலை அகலப்படுத்தினால் 120 என்கிற அகலமான ஃபிலிமுக்கும் ஆகும். எஃகு ரீலில் ஈரத்தொல்லை கிடையாது, ஆனால் ஃபிலிமை நடுவிலிருந்து வெளிநோக்கி நாமே சுற்ற வேண்டும், கை பழக நாளாகும். மலிவான எஃகு ரீல் சற்று வளைந்திருந்தாலும் எவ்வளவு கெட்டிக்காரராலும் அதில் ஏற்ற முடியாது. எஃகுதான் வேண்டும் என்றால் ஹியூஸ் மாதிரி உறுதியான ரீல் பார்த்து வாங்குங்கள்.

புதிதாக வாங்கினால் டேங்கும் ரீல்களும் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்கு முன்பின்னாக வரும். வெளிச்சம் புகாத, கை நுழைத்து வேலை செய்கிற சேஞ்சிங் பேக் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை. ஃபிலிம் ரோலின் கூடான கேசட்டுக்குள் போய்விட்ட ஃபிலிம் நுனியை வெளியே இழுக்கும் லீடர் பிக்கர் சில நூறு ரூபாய்தான், கட்டாயம் வாங்குங்கள். அப்புறம் முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று, கேசட்டைத் திறக்க சோடா ஓப்பனர் ஒன்று. இந்த இரண்டும் வீட்டிலேயே இருக்கும்.

பழைய டேங்க் வாங்கினால் செலவு பாதியாகும். ஊரில் பழைய ஸ்டூடியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள், பரணில் கிடக்கலாம். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் உறுப்புகளை எண்ணிவிடுங்கள்: டேங்க், புனல் மாதிரி இருக்கும் மூடி, மேலே போடும் ரப்பர் மூடி, ரீல், நடுக்குழாய். இந்த நடுக்குழாய்தான் காணாமல் போகிற சாமான். ரீலைக் கோத்து வைக்கும் தண்டு என்றுதான் பார்த்தால் தோன்றும். உண்மையில் வெளிச்சத்தைத் தடுப்பதே அதுவும் புனலும் சேர்ந்துதான். அது இல்லாவிட்டால் மூடியின் நடு ஓட்டை வழியாக வெளிச்சம் நேராக ஃபிலிமில் விழும். எனக்கு ஒரு முறை ஆன்லைனில் வந்த டேங்கில் அது இல்லை, திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

2. காகிதத்தில் இருக்க வேண்டியவை

இருட்டுக்குள் போவதற்கு முன்பே இவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள், எவ்வளவு திரவம் வேண்டும் என்று அச்சாகியிருக்கும்: பேட்டர்சனில் சாதாரண 35 மி.மீ. ஃபிலிம் ரீல் ஒன்றுக்கு 290 மி.லி., 120 என்றால் 500 மி.லி. ஃபிலிம் கம்பெனியின் தகவல் தாளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டெவலப்பர் வாரியாக நேரம் அதில் இருக்கிறது.

ஒவ்வொரு ரோல் எடுத்து முடித்ததும் கேசட்டின் மேல் மார்க்கர் பேனாவால் என்ன ஐ.எஸ்.ஓ.வில் (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) எடுத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். காரணம் உண்டு. இரண்டு ரீல் டேங்கில் இரண்டு ரோல் போட்டால் இரண்டுக்கும் ஒரே டெவலப் நேரமாக இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 400-இல் எடுத்த எச்.பி.5 பிளஸ் ஃபிலிமையும் கேமராவில் 1600 என்று வைத்துத் தள்ளி எடுத்த அதே ஃபிலிமையும் ஒன்றாகப் போட்டால் ஏதோ ஒன்று கெட்டுப்போகும். கேசட் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், எழுதி வைக்காவிட்டால் அடையாளம் தெரியாது.

3. இருட்டு: சிவப்பு விளக்கு உதவாது

சினிமாவில் பார்க்கிற சிவப்பு விளக்கு, காகிதத்தில் பிரின்ட் போடும்போது எரிகிற விளக்கு. நாம் வழக்கமாக வாங்கும் கறுப்பு வெள்ளை ஃபிலிம்களான எச்.பி.5, டிரை-எக்ஸ், கென்ட்மியர், ஃபோமாபான் எல்லாம் சிவப்பு உட்பட எல்லா நிறத்துக்கும் பதிவாகும். கலர் ஃபிலிமும் அப்படித்தான். எந்த விளக்கும் கூடாது.

பாத்ரூமை இருட்டறையாக்க நினைப்பவர்கள் உள்ளே போய், விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகிய பிறகு முகத்துக்கு நேரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாள் லேசாகத் தெரிந்தாலும் அந்த அறை ஆகாது. கதவுக்கடி இடுக்குக்குத் துண்டு, வென்டிலேட்டருக்குக் கறுப்பு அட்டை. அதைவிட ஏமாற்றுவது சின்னச் சின்ன விளக்குகள்: கீசரின் சிவப்புப் புள்ளி, சுவிட்ச் போர்டு இண்டிகேட்டர், படுக்கையறையானால் கொசு மருந்து இயந்திரம், ஏசி, இன்வெர்ட்டர். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கழற்றி வெளியே வையுங்கள். கையைத் திருப்பினாலே அது எரியும், ரீல் ஏற்றுவதோ முழுக்க முழுக்கக் கையைத் திருப்புகிற வேலை. கைபேசியும் வெளியே.

இன்னொன்று, யாராவது குளித்து முடித்த பாத்ரூமில் அன்றைக்கு இந்த வேலை வேண்டாம். ஆவி அடங்க நேரமாகும்.

அறை சரிப்படாதவர்களுக்கு சேஞ்சிங் பேக். வாங்கினால் பெரிதாக வாங்குங்கள், சிறிய பையில் கை அசைக்க இடம் இருக்காது, துணி ரீலின் மேலேயே வந்து விழும். பையை மேசையில் வைத்து உள்ளே ஒரு அட்டைப் பெட்டியை வைத்துவிட்டால் துணி தூக்கி நிற்கும், காற்றும் கொஞ்சம் இருக்கும். ஜிப் இரண்டு அடுக்கு, இரண்டையும் மூடினீர்களா என்று தடவிப் பாருங்கள். பையின் கைப்பகுதி எலாஸ்டிக் முழங்கைப் பக்கம் ஏற வேண்டும், மணிக்கட்டில் நின்றால் வெளிச்சம் கசியும். வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் முன்பே கழற்றுங்கள்.

4. எப்போது செய்வது

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, வீடு அடங்கிய நேரம் நல்லது. கோடையில் ஏசி அல்லது ஃபேன் ஓடும் அறையில் கால் மணி நேரம் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போடுங்கள். ஃபிலிமை ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் டப்பாவைத் திறக்காமலே ஒரு மணி நேரமாவது வெளியே வையுங்கள். குளிர்ந்த ஃபிலிமை உடனே வெளியே எடுத்தால் மேலே ஈரம் பூக்கும், அது போதும் சிக்குவதற்கு. முதல் தடவைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு ஐந்து நிமிட வேலை.

ஏற்றிய அன்றே டெவலப் செய்ய வேண்டும் என்ற அவசியம் இல்லை. மூடி பூட்டிய டேங்கில் ஃபிலிம் மறுநாள் வரை இருக்கலாம், வெயிலில் வைக்காமல் இருந்தால் சரி. அவசரமாக இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதைவிட, முதல் சில ரோல்களுக்கு ராத்திரி ஏற்றுவது, காலையில் டெவலப் என்று பிரித்துக்கொண்டால் மனசு நிதானமாக இருக்கும்.

5. ரீல் எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும்

ஃபிலிமின் ஒரு பக்கம் ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டவுடன் அது ஊறி, பிசுபிசுத்து, பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். ரீலைக் கழுவி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். துடைத்துவிட்டேன் என்பது போதாது, ஏனென்றால் பால்ஸ் இருக்கும் குழிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும். ரீலைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் பால்ஸ் உருளும் சத்தம் கலகலவென்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் அந்தப் பக்கம் ஈரமோ அழுக்கோ பிடித்திருக்கிறது, அன்றைக்கு அந்த ரீல் ஃபிலிமை இழுக்காது. ஹேர் டிரையர் இருந்தால் சற்றுத் தள்ளிப் பிடித்து மிதமான சூட்டில் காட்டலாம், கிட்டே கொண்டு போனால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

கடைசியில் ஃபிலிமில் தண்ணீர்த் திட்டு விழாமலிருக்க ஒரு திரவத்தில் முக்குவோமே, அதில் ஃபிலிமை ரீலோடு சேர்த்து முக்காதீர்கள். ஃபிலிமைக் கழற்றித் தனிக் கிண்ணத்தில் முக்குங்கள். அந்தத் திரவம் ரீலின் பள்ளத்தில் காய்ந்து படிந்து, ரோலுக்கு ரோல் பிசுக்கு ஏறும். பழைய ரீல் வாங்கியவர்கள் எதற்கும் வெந்நீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பள்ளம் பள்ளமாகத் தேய்த்துவிடுங்கள். காய்ந்த பிறகும் இழுவை இருந்தால் மெத்தென்ற பென்சில் முனையைப் பள்ளத்தின் ஆரம்பத்தில் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

6. ஒரு ரோலைப் பலி கொடுங்கள்

இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். காலாவதியான ஏதாவது ஒரு ரோல், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. அதை முழுக்க வெளியே இழுத்து, வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து ஏற்றுங்கள், எடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பிறகு பைக்குள். பைக்குள் தடங்கலில்லாமல் அடுத்தடுத்து ஏற்ற வந்த பிறகுதான் படம் எடுத்த ரோலைத் தொட வேண்டும். இன்றைக்கு ஒரு கறுப்பு வெள்ளை ரோல் எண்ணூறு, ஆயிரம் ரூபாய் என்று விற்கிறது, அதில் இருக்கும் படங்களுக்கோ விலையே இல்லை. முதல் ரோலுக்கு 24 படம் எடுக்கும் ரோல் கிடைத்தால் வாங்குங்கள். நீளம் குறைவு, கடைசிச் சுற்றுகளில்தான் இறுக்கம் கூடும் என்பதால் நிறைய வித்தியாசம் தெரியும்.

7. நுனியை வெட்டுவது

இதை வெளிச்சத்திலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். கையால் சுற்றும் கேமராவில் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும்போது ஒரு கட்டத்தில் இறுக்கம் விட்டு கைப்பிடி சட்டென்று லேசாகும், அங்கேயே நிறுத்திப் பின்மூடியைத் திறந்தால் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி எடுத்ததும் நுனியை மடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது ரோல் என்று நினைத்து மறுபடி கேமராவில் போட்டுவிட நேரும். நுனி உள்ளே போய்விட்டால் லீடர் பிக்கரால் இழுத்துக்கொள்ளலாம்.

நாக்கு மாதிரி நீண்டிருக்கும் ஒடுக்கமான பகுதியை நறுக்கிவிட்டு முழு அகலத்தில் நேராக வெட்டுங்கள். வெட்டு ஃபிலிம் ஓரத்திலுள்ள இரண்டு துளைகளுக்கு நடுவே விழ வேண்டும். துளையின் குறுக்கே வெட்டினால் பாதித் துளை கொக்கியாகி பள்ளத்தில் மாட்டும். வெட்டிய பிறகு இரண்டு மூலைகளையும் ஒரு துளி மட்டும் சாய்த்தோ வளைத்தோ கத்தரியுங்கள். இந்த இரண்டு கத்தரிப்புக்கு ஆகும் நேரம் பத்து விநாடி, மிச்சமாகும் அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் ஒரு சௌகரியம்: வெளியே இருக்கும் நுனி எப்படியும் வெளிச்சம் பட்ட பகுதிதான். அதனால் அதை வெளிச்சத்திலேயே ரீலின் பால்ஸைத் தாண்டும்வரை செருகிவிட்டு, கேசட் தொங்க அப்படியே பைக்குள் வைத்துவிடலாம். இருட்டில் ஃபிலிம் நுழையும் வாயைத் தேடும் கஷ்டமே இல்லை. ஆனால் அதற்காகக் கேசட்டிலிருந்து கூடுதலாக இழுத்துவிடாதீர்கள், முதல் படங்கள் போய்விடும்.

8. இருட்டில் ஏற்றுவது

பைக்குள் அல்லது மேசையில் வைக்கும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்: இடது பக்கம் டேங்க், அதற்குள்ளேயே நடுக்குழாய், பக்கத்தில் புனல் மூடி, வலது பக்கம் கத்தரிக்கோல், ஓப்பனர். நடுக்குழாயும் மூடியும் உள்ளே இருக்கின்றனவா என்று ஜிப்பை மூடுவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். ஃபிலிம் ஏறி முடிந்த பிறகு மூடி மேசையின் மறுகோடியில் இருப்பது தெரிய வந்தால் கையை வெளியே எடுக்க வழியே கிடையாது.

ரீலை எடுத்து, 35 மி.மீ. அளவில் இரண்டு வட்டுகளும் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு வட்டின் விளிம்பிலும் சின்ன நீட்டல் ஒன்று விரலில் தட்டுப்படும். இரண்டும் நேருக்கு நேர் நிற்கும்படி திருப்பினால் அதுதான் ஃபிலிம் நுழையும் வாய். வாய் மேலே, உங்களைப் பார்த்தபடி இருக்கட்டும். ஃபிலிமின் இயல்பான சுருள்வு கீழ்நோக்கி இருக்க வேண்டும், அதற்கு எதிராக நுழைத்தால் முதல் சுற்றிலேயே மல்லுக்கு நிற்கும்.

பால்ஸைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் உள்ளே தள்ளியதும் இரண்டு கையாலும் இரண்டு வட்டையும் பிடித்து, வலது வட்டை முன்னே தள்ளிப் பின்னே இழுங்கள். டக், டக் என்று ஒரே சீராகக் கேட்கும், ஃபிலிம் தானாக நகரும். வேகம் வேண்டாம். சில சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தி, உள்ளே போகும் ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் பெருவிரலால் தடவிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருந்தால் சரி. ஓரத்தை மட்டுமே தொடுங்கள், நடுவில் விரல் பட்டால் ரேகை நெகட்டிவில் நிரந்தரமாகப் பதியும்.

கடைசியில் ஃபிலிம் கேசட்டோடு இழுத்து நிற்கும். அங்கே கத்தரித்துவிடுங்கள். பிய்க்காதீர்கள், ஃபிலிமைக் கேசட்டின் உருளையோடு ஒட்டியிருக்கும் டேப்பைச் சட்டென்று உரித்தால் வறண்ட நாட்களில் மின்பொறி பறக்கும், அதுவும் ஒரு வெளிச்சம்தான். கத்தரித்த வால் வாயைத் தாண்டி உள்ளே போகும்வரை இன்னும் சில தடவை திருப்புங்கள். கத்தரிக்கோலைத் திரும்ப அதே இடத்தில் வையுங்கள்.

நுனி கேசட்டுக்குள்ளேயே இருந்து இழுக்க முடியாமல் போனவர்கள், இருட்டில் கேசட்டின் தட்டையான பக்கத்து மூடியை ஓப்பனரால் நெம்பிக் கழற்றி, உருளையை வெளியே எடுத்து, நுனியைத் தடவி வெட்டிக்கொள்ள வேண்டும். செய்யலாம்தான், ஆனால் முதல் ரோலுக்கு இந்த வழி வேண்டாம்.

9. சிக்கிக்கொண்டால்

சிக்கும். எல்லோருக்கும் சிக்கும். அறிகுறி இரண்டு: திருப்பும்போது திடீரென்று கனம் கூடும், அல்லது ஃபிலிமிலிருந்து சடசடவென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வந்தால் ஃபிலிம் பள்ளத்தை விட்டுக் குதித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் இன்னும் ஒரு தடவைகூடத் திருப்பாதீர்கள். பலவந்தமாகத் திருப்பினால் ஃபிலிம் மடியும், மடிந்த இடத்திலெல்லாம் நெகட்டிவில் பிறை வடிவக் கறை விழும்.

முதலில் ரீலை உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும். அடுத்து, வாய்க்கு வெளியே இருக்கும் ஃபிலிமை இரண்டு ஓரமும் பிடித்து மிக மெல்ல வளைத்து, துளி பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் இழுத்துக்கொண்டிருக்காமல் ரீலின் இரண்டு வட்டுகளையும் எதிரெதிராகத் திருகிக் கழற்றிவிடுங்கள், ஃபிலிம் சேதமில்லாமல் கையில் வரும். நுனி மடங்கியிருந்தால் அந்தத் துண்டை நறுக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

கை வியர்த்துவிட்டதா, பைக்குள் புழுங்குகிறதா, அப்படியே நிறுத்துங்கள். ஃபிலிமை லேசான சுருளாகச் சுற்றி, டேங்குக்குள் நடுக்குழாயைச் சுற்றி வைத்து, புனல் மூடியைப் பூட்டிவிட்டு, கையை வெளியே எடுங்கள். கேசட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்துவிட்டு வையுங்கள். டேங்குக்குள் ஃபிலிம் பத்திரமாக இருக்கும். தண்ணீர் குடியுங்கள், கையைக் கழுவித் துடையுங்கள், பையை உள்வெளியாகத் திருப்பி ஃபேன் காற்றில் காட்டுங்கள். அரை மணி கழித்து மறுபடி உட்காருங்கள், அல்லது மறுநாள். வீணாகும் ரோல்களில் பெரும்பகுதி, இந்த இடத்தில் எழுந்திருக்க மனமில்லாமல் இன்னும் ஒரே ஒரு தடவை என்று முறுக்கியதால் வீணானவை.

10. டேங்கை மூடுவது

ரீலை நடுக்குழாயில் கோத்து அடிவரை தள்ளுங்கள், குழாயின் அகலமான பக்கம் கீழே. இரண்டு ரீல் டேங்கில் ஒரு ரோல் மட்டும் என்றால் ஃபிலிம் உள்ள ரீல் கீழே, வெற்று ரீல் மேலே. அப்படிச் செய்தால் குலுக்கும்போது ரீல் மேலேறி டெவலப்பருக்கு வெளியே நிற்காது. புனல் மூடியை வைத்து டக்கென்று பூட்டும்வரை திருகுங்கள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் விளக்கு.

11. 120 ஃபிலிம் ஏற்றுபவர்களுக்கு

அகலம் 6 செ.மீ. சொச்சம், ஆனால் நீளம் ஒரு மீட்டர்கூட இல்லை. நுனியை வெளிச்சத்தில் செருகும் வசதி இதில் கிடையாது. எல்லாமே இருட்டில்தான். ரீலை 120 அளவுக்கு முன்பே மாற்றி வையுங்கள். ஃபிலிமோடு சேர்த்துச் சுற்றியிருக்கும் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் ஃபிலிமின் தளர்ந்த முனை கையில் படும், அதன் மறுமுனைதான் காகிதத்தோடு டேப் போட்டு ஒட்டியிருக்கும். ஃபிலிம் தனியே சுருண்டுகொள்ளட்டும், காகிதத்தை முழுக்கப் பிரித்து, டேப்பை மெதுவாக உரித்து, ஃபிலிமின் மேலேயே மடித்து ஒட்டிவிடுங்கள். மடித்த முனை விறைப்பாக இருக்கும், அதையே முதலில் நுழைத்தால் பிசகாமல் போகும். டேப் ஃபிலிமின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. நெகட்டிவைப் பார்த்துக் கண்டுபிடிப்பது

டெவலப் ஆகி வந்த ஃபிலிமில் பிறை வடிவக் கறை இருந்தால் ஏற்றும்போது எங்கோ மடிந்திருக்கிறது. கலங்கலாக, படமே விழாத திட்டு இருந்தால் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டி, அந்த இடத்துக்கு ரசாயனமே போகவில்லை, அதாவது பள்ளம் தாண்டியிருக்கிறது. படங்களின் ஓரங்கள், துளைகளுக்கு நடுவிலுள்ள இடம் எல்லாம் கறுத்துப் போயிருந்தால் வெளிச்சம் கசிந்திருக்கிறது. பையையும் அறையையும் மறுபடி சோதியுங்கள். ஆனால் கேமராவின் பின்மூடி ரப்பர் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி வரும் என்பதால், வேறு கேமராவில் எடுத்த ரோலிலும் அப்படி இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு செலவு செய்யுங்கள்.

ஒரே நாளில் இரண்டாவது ரோலும் செய்ய வேண்டுமானால் நனையாத ரீல் ஒன்று கையிருப்பில் இருக்க வேண்டும். ஒரு ரோலை மட்டும் டெவலப் செய்யும்போது மேலே வைத்த வெற்று ரீல் நனைந்திருக்கும், அதை நம்பாதீர்கள். மூன்றாவதாக ஒரு ரீல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அல்லது இரண்டு ரோலையும் முதலிலேயே ஏற்றி ஒன்றாக டெவலப் செய்துவிடுங்கள், டெவலப்பரும் ஒரே தடவை கலந்தால் போதும்.